சில்லைக்கலான் சமையல்: ஹரீஸா, காயவைத்த காய்கறி, நூன் சாய் – அளவும் பக்குவமும்

பனிமுகடு

டிசம்பர் 21 இரவோடு காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் சில்லைக்கலான் தொடங்குகிறது. நாற்பது நாள் கடுங்குளிர். அது முடிந்தால் இருபது நாள் சில்லைக்குர்த், பிறகு பத்து நாள் சில்லைபச்சா. இந்த எழுபது நாளுக்கென்று அங்கே தனிச் சமையலே இருக்கிறது. ஆனால் காஷ்மீர்ச் சாப்பாடு என்றாலே நம் பேச்சு வாஸ்வான் விருந்தோடு நின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் வீட்டிலும் தெருக்கடையிலும் சாப்பிடுவதைப் பற்றி இந்த இழையில் பேசுவோம்.

கறியையும் அரிசியையும் நெடுநேரம் வேகவைத்து மசித்துச் செய்யும் ஹரீஸாவில் தொடங்கலாம். மூன்று கேள்விகள்: கறிக்கு எவ்வளவு அரிசி? நூல்நூலாக இழுபடாமல் கூழாகப் போவது ஏன்? குக்கரில் செய்ய முடியுமா?

மண்பானை

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு பேருக்கு: எலும்போடு செம்மறித் தொடைக்கறி ஒன்றரை கிலோ, குண்டு அரிசி 125 கிராம், தண்ணீர் மூன்று லிட்டர், சோம்புப் பொடி இரண்டு டீஸ்பூன், விரல் நீளப் பட்டை இரண்டு, பச்சை ஏலக்காய் ஆறு, கருப்பு ஏலக்காய் இரண்டு, கிராம்பு ஆறு, பூண்டு பத்துப் பல், உப்பு. தாளிக்கக் கடுகெண்ணெய் 100 மில்லி, சின்ன வெங்காயம் 150 கிராம். மிளகாய்த்தூளும் மஞ்சளும் கிடையாது. சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது வேறு பண்டம்.

பட்டை, கிராம்பு, ஏலக்காயைத் துணியில் முடிந்து போடுங்கள். பின்னால் எல்லாவற்றையும் மசிக்கப் போகிறோம், கிராம்பு உள்ளே நசுங்கினால் கசக்கும். கறியைத் தண்ணீரோடு ஏற்றி, பொங்கிவரும் நுரையை எடுத்துவிட்டு, பூண்டும் மசாலா முடிச்சும் போட்டுச் சிறுதீயில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். எலும்பைப் பிடித்துத் தூக்கினால் கறி தானாகக் கழன்று விழ வேண்டும். கறியை எடுத்து ஆறவைத்து எலும்பு, சவ்வு எல்லாம் கையால் தடவித் தடவி நீக்குங்கள். மசித்தபின் எலும்புச் சில்லு கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும்.

அரிசியைத் தனியாக எட்டு மடங்கு தண்ணீரில் மணி உடைந்து கரையும்வரை குழையவிடுங்கள். பாசுமதி வேண்டாம். எவ்வளவு வெந்தாலும் அது தனித்தனியாகவே நிற்கும், பசை விடாது.

இனி மசிப்பு. கறி முங்கும் அளவுக்கு மட்டும் வடிகட்டிய சாறு விட்டு, சிறுதீயில் வைத்து, மரமத்தால் பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் அழுத்தி அழுத்தி அரை மணி நேரம் மசிக்க வேண்டும். நூல் இங்கேதான் பிறக்கிறது. தசை நீளநீளமான இழைகளின் கட்டு. அந்தக் கட்டைப் பிடித்திருக்கும் பசை, நெடுநேர ஈரச்சூட்டில் கரைந்துவிடும். அதன்பின் அழுத்தினால் இழைகள் நீளவாக்கில் பிரியும். மிக்ஸி கத்தியோ அவற்றைக் குறுக்கே வெட்டும். வெட்டிய இழை எத்தனை மணி நேரம் கிளறினாலும் மறுபடி நீளாது. கூழாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்னொன்று, கறி பாதி வெந்த நிலையில் மசிக்கத் தொடங்குவது. அப்போது கட்டு பிரியாமல் துணுக்குத் துணுக்காக உடையும்.

மசிந்ததும் சோம்புப் பொடி, உப்பு, அரிசிக் குழைவை இரண்டு மூன்று தவணையாகச் சேருங்கள். ஒரே தடவையில் கொட்டினால் அரிசி அடியில் போய் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல் வைத்து இன்னும் இரண்டு மணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறி, இறுகும்போதெல்லாம் சூடான சாறு ஒரு கரண்டி. பச்சைத் தண்ணீர் விடவே கூடாது.

பதம் பார்க்க ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விடுங்கள். ஓரத்தில் தண்ணீர் பிரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். கரண்டியைத் தூக்கும்போது நாடாபோல் இறங்கி, முனையில் நூல் தொங்கினால் ஆயிற்று.

கோதுமைமணி

ஹரீஸா என்றால் கோதுமை அல்லவா? அரபு நாடுகளில் அப்படித்தானே. ஹைதராபாத் ஹலீமிலும் கோதுமை உண்டு.

மண்பானை

அரபு ஹரீஸில் கோதுமை. நெல் விளையும் காஷ்மீரில் அரிசி வழக்கம். ஹலீமில் கோதுமையோடு பருப்பும் சேர்கிறது, மசாலாவும் அதிகம், அதனால் நாக்குக்கு முதலில் படுவது மசாலா. ஸ்ரீநகர் ஹரீஸாவில் முதலில் கறி, பின்னால் சோம்பு, கடைசியில் கடுகெண்ணெய். துனீசியாவில் ஹரிஸா என்கிற மிளகாய்த் துவையலுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறொன்றுமில்லை.

அரிசி, எலும்பு நீக்கிய கறியின் எடையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐந்தில் ஒன்றானால் கறிக்கஞ்சி.

தணல்

குக்கர்லயே செய்யலாங்க, ஆனா பாதி வேலைக்கு மட்டும். கறி, ஒன்றரை லிட்டர் தண்ணி, மசாலா முடிச்சு போட்டு, விசில் வந்ததும் தீயை நல்லா குறைச்சு 50 நிமிஷம். ஆவியை வெளிய விடாம தானா அடங்க விடணும். அதுக்கப்புறம் எலும்பு எடுத்து மசிக்கிறது, அரிசி சேர்க்கிறது, கிளறுறது எல்லாம் திறந்த பாத்திரத்துலதான். அரிசியை கறியோட சேர்த்து குக்கர்ல போட்டுடாதீங்க, அடிப்பிடிச்சு தீஞ்ச வாசனை மொத்தத்துலயும் ஏறிடும். அப்புறம் எது போட்டாலும் போகாது.

மண்பானை

@தணல், நேரம் இல்லாதவர்களுக்குச் சரி. ஆனால் கடைசிக் கட்டத்தைச் சுருக்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஆலிகடல் பக்கம் ஸ்ரீநகர் பழைய நகரக் கடைகளில் பெரிய மண்பானையைக் கழுத்துவரை அடுப்பு மேடைக்குள் புதைத்திருப்பார்கள். கீழே விறகுத் தணல். சூடு அடியிலிருந்து மட்டும் வராமல் பானையைச் சுற்றி நாலாபக்கமும் வரும். முதல்நாளே ஏற்றி, இரவெல்லாம் வெந்து, விடியும்முன் மசித்து, காலையிலேயே விற்றுத் தீர்த்துவிடுவார்கள். அந்தச் சுற்றுச்சூட்டுக்கு வீட்டில் நெருக்கமானது ஓவன்: கனமான மூடிபோட்ட பாத்திரம், 120 டிகிரி, ஏழு மணி நேரம். அடிப்பிடிக்கும் கவலை இல்லை.

தாளிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடுகெண்ணெயைப் புகை எழும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, வெங்காயத்தைப் போட்டு மறுபடி ஏற்றிப் பொன்னிறமாக வறுங்கள். புகையவிடாத எண்ணெய் மூக்கில் ஏறும் காரத்தோடு கறியின் மணத்தை அமுக்கிவிடும். கிண்ணத்தில் ஹரீஸாவைப் பரப்பி, எண்ணெயைச் சுடச்சுட மேலே ஊற்றினால் சீறும் சத்தம் கேட்க வேண்டும். பக்கத்தில் வெந்தயக்கீரை போட்ட குடல்கறி ஒரு கரண்டி, காந்தூர் (ரொட்டி சுடுபவர்) கடையின் கிர்தா ரொட்டி.

உலர்சுரை

கறியைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். அங்கே குளிர்காலச் சமையல் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது, மாடத்திலும் கூரையிலும். ஹோக் ஸ்யூன், அதாவது காய்ந்த காய்கறி. பனி விழுந்தால் ஜம்மு நெடுஞ்சாலை நாள்கணக்கில் மூடிக்கொள்ளும் என்பதால் வந்த பழக்கம். பனிஹால் கணவாய்க்கு அடியில் ஜவாஹர் சுரங்கம் திறந்தது 1956-இல்தான். 2021-இல் புதிய பனிஹால் சுரங்கம், 2025 ஜூனில் ஸ்ரீநகர் வரை ரயில் என்று வந்தபின் ஜனவரியிலும் பச்சைக் காய் கிடைக்கிறது. ஆனாலும் காயவைப்பது நிற்கவில்லை. காய்ந்த சுரைக்காயின் ருசி பச்சைச் சுரைக்காயில் வராது, அதுதான் காரணம்.

கத்தரிக்காயை (வாங்கன் ஹச்சி) காம்பு விடாமல் நான்காகக் கீறிக் கயிற்றில் கால் விரித்தாற்போல் தொங்கவிடுவார்கள். சுரைக்காயைத் தோல் சீவி, விதைப்பகுதி நீக்கி, நீள நாடாவாக நறுக்க வேண்டும். அது அல் ஹச்சி. தக்காளி பாதியாக. டர்னிப்பை வட்டமாக நறுக்கி நூலில் மாலைபோல் கோப்பார்கள், கோக்ஜி ஆரெ என்று பெயர். பத்து கிலோ கத்தரிக்காய் காய்ந்தால் ஒரு கிலோகூடத் தேறாது, அதனால் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊர் வற்றல்போல மோரும் உப்பும் சேர்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வற்றலைப் பொரித்தோ குழம்பிலோ போடுகிறோம். ஹச்சியோ ஊறி மறுபடி காயாகவே வேக வேண்டிய பொருள். உப்பிட்டால் மழைக்கால ஈரத்தையும் பனிக்கால ஈரத்தையும் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

பனிமுகடு

கத்தரிக்காயில் பூஞ்சை வருவதும், சமைத்தபின் கசப்பதும் எதனால்?

உலர்சுரை

பூஞ்சை காம்படியில்தான் முதலில் வரும். சதை தடித்த இடம், கடைசியாகக் காய்வது அதுதான். துண்டின் நுனி ஒடிகிறது என்று எடுத்துவிடாதீர்கள், காம்படியை வளைத்துப் பாருங்கள். தோல்போல் மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, சடக்கென்று ஒடிய வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுக்கவும். பகலெல்லாம் போன ஈரம் ஓரிரவில் திரும்பிவிடும். நல்ல வெயிலில் எட்டு முதல் பன்னிரண்டு நாள். பூஞ்சை பிடித்ததைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

கசப்பு ஊறவைத்த தண்ணீரிலேயே சமைப்பதால். கொதிநீரில் அரை மணி ஊறவைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிழிந்தெடுங்கள். கூரையில் காய்ந்த பொருள், தூசும் அதோடு போகும். பிறகு கடுகெண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்துத்தான் குழம்பில் சேர்க்க வேண்டும். வறுக்காமல் போட்டால் ஈரத்துணி மாதிரி இருக்கும்.

அல் ஹச்சிக்கு இந்தக் கொதிக்கவைப்பு தேவையில்லை, ஊறவைத்துப் பிழிந்தால் போதும். அரைக் கிலோ கறிக்கு 100 கிராம். கறி முக்கால் பதம் வெந்தபின் சேருங்கள். முதலிலேயே போட்டால் நாடா கரைந்து நார் மட்டும் மிஞ்சும்.

கடுகெண்ணெய்

காஷ்மீர்ப் பண்டிதர், அதாவது அங்குள்ள இந்து பிராமணர் வீட்டுச் சமையலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வெங்காயம், பூண்டு இல்லை. அந்த இடத்தைப் பெருங்காயமும் சுக்கும் சோம்பும் நிரப்புகின்றன. பெருங்காயத்தை எண்ணெயில் நேரே போடாமல் வெந்நீரில் கரைத்து ஊற்றுவது நல்லது, கருகாது.

குளிருக்கு ராஜ்மா கோக்ஜி, அதாவது ராஜ்மாவும் டர்னிப்பும். சென்னைக் கடைகளில் டர்னிப்பையும் நூக்கலையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நூக்கல் தரைக்கு மேலே காய்க்கும் தண்டு, காஷ்மீரில் அது மோஞ்ச். இங்கே வேண்டியது மேல்பாதி ஊதாவும் கீழ்பாதி வெள்ளையுமான கிழங்கு.

ராஜ்மா 250 கிராம், டர்னிப் 400 கிராம். சின்னச் சிவப்பு ராஜ்மா, பதர்வாப் பக்கத்தது கிடைத்தால் சிறப்பு. பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவிடுங்கள். டர்னிப்பைப் பெரிய துண்டுகளாக்கிக் கடுகெண்ணெயில் ஓரம் பழுப்பாகும்வரை வறுத்து எடுத்துவைக்கவும். அதே எண்ணெயில் பெருங்காய நீர், காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூனை ஒரு கை தண்ணீரில் கரைத்து ஊற்றி, எண்ணெய் சிவந்து பிரிந்ததும் வெந்த ராஜ்மா, டர்னிப், சுக்குப்பொடி ஒரு டீஸ்பூன், சோம்புப்பொடி இரண்டு டீஸ்பூன். மூடி இருபத்தைந்து நிமிடம். கால் பங்கு ராஜ்மாவைக் கரண்டியால் நசுக்கிவிட்டால் சாறு கெட்டிப்படும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் என்ற பேச்சைக் கேட்டு ராஜ்மாவை நேராக மின்சார மெதுகுக்கரில் (ஸ்லோ குக்கர்) போட்டுவிடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. குறைந்த சூட்டில் அது அழியாது, கூடவும் செய்யலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒரு சில மணி நேரத்தில் வரும். முதலில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும். ஸ்ரீநகர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,585 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் இருப்பவர்கள் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள், அல்லது குக்கர்.

தணல்

டர்னிப்னு வந்ததால ஷப் தேக் பத்தி சொல்லிடறேன். ஷப்னா இரவு. சின்ன டர்னிப்பா பார்த்து, தோல் சீவி, முழுசா, ஊசியால குத்தி, எண்ணெயில சிவக்க வறுத்து, கறியோட பானையில அடுக்கி, மூடி ஓரத்தை கோதுமை மாவால ஒட்டி ராத்திரி பூரா தணல்ல வைக்கிறது. வாத்தோ சேவலோ போட்டும் செய்வாங்க. மாவு முழுக்க ஒட்டணும், ஒரு இடத்துல விரிசல் விட்டா விடியறதுக்குள்ள சாறு வத்தி அடிப்பிடிச்சிடும். இடையில திறந்து பார்க்க முடியாதுங்கறதால தண்ணியை முதல்லயே சரியா வைக்கணும்: கறிக்கு மேல ரெண்டு விரல் கட்டை. பெரிய டர்னிப் மட்டும் இருந்தா ரெண்டா வெட்டாதீங்க, வெட்டின பக்கம் கரைஞ்சுடும். வேற நாள் பண்ணுங்க.

கோதுமைமணி

நூன் சாய், அதாவது காஷ்மீரின் உப்புத் தேநீர், இளஞ்சிவப்பாக வரவே மாட்டேன் என்கிறது. சோடாவைக் கூட்டினால் பழுப்பாகி, வாயில் சோப்பு போன்ற சுவை. என்ன தவறு?

உப்புத்தேநீர்

முதலில் இலை. தூள் தேயிலையில் எத்தனை சோடா போட்டாலும் இந்த நிறம் வராது, ஏற்கெனவே முழுதும் கறுத்த தேயிலை அது. நூன் சாய்க்கென்று விற்கும் முரட்டுப் பச்சை இலைதான் வேண்டும்.

இலை இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று கப், சமையல் சோடா கால் டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை அரை மணி நேரம் கொதிக்கட்டும். பிறகு ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு கப்பைச் சட்டென்று ஊற்றி, கரண்டியால் முகந்து உயரத்திலிருந்து பத்து நிமிடம் ஆற்றுங்கள். நிறம் வருவது இங்கேதான். சோடாவின் காரத்தன்மையில் இலையிலிருந்து இறங்கிய சத்து காற்றோடு சேர்ந்து சிவக்கிறது. காற்று கலக்காமல் வெறுமனே கொதிக்கவிட்டால் பழுப்பில் நின்றுவிடும், அதைச் சரிசெய்ய எல்லோரும் சோடாவைக் கூட்டுகிறார்கள், சோப்புச் சுவை அதனால்தான். ஆற்றியபின் மறுபடி கொதிக்கவிட்டு, இன்னொரு கப் குளிர்ந்த நீர், மறுபடி ஆற்றல். திராட்சைச் சாறு நிறத்தில் வரும் இந்தக் கட்டிச் சாறுக்கு த்யோட் என்று பெயர்.

குடிக்கும்போது ஒரு பங்கு த்யோட், ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு முழுக்கொழுப்புப் பால், உப்பு. பால் சேர்ந்தபின்தான் சிவப்பு இளஞ்சிவப்பாகும். சாறு சிவக்குமுன் பாலை ஊற்றினால் சாம்பல் நிறமாகிவிடும். மேலே ஒரு துண்டு ஆடை.

பனிமுகடு

த்யோட் எத்தனை நாள் தாங்கும்? உப்பு எவ்வளவு?

உப்புத்தேநீர்

இலையை வடித்துவிட்டுக் குளிர்பெட்டியில் மூன்று நாள். இலையோடு வைத்தால் மறுநாளே துவர்க்கும். உப்பு ஒரு கோப்பைக்கு இரண்டு சிட்டிகை. நாளுக்கு நான்கைந்து கோப்பை குடிக்கும் வழக்கம் இருப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு சிட்டிகையோடு நிறுத்துவது நல்லது. இன்னொன்று, கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது. கோப்பையில் ஊற்றி நான்கைந்து நிமிடம் ஆறவிடுங்கள், அதற்குள் கிர்தாவைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

கோதுமைமணி

சமாவார் (நடுக்குழாயில் தணல் போட்டுத் தேநீரைச் சூடாக வைக்கும் பாத்திரம்) வாங்கலாமா? அடுப்பிலேயே செய்தால் வித்தியாசம் தெரியுமா?

உப்புத்தேநீர்

நிறத்திலும் ருசியிலும் வித்தியாசம் இல்லை, த்யோட் அடுப்பில்தான் தயாராகிறது. பத்துப் பேருக்கு இரண்டு மணி நேரம் சூடாகவே ஊற்றித் தரத்தான் சமாவார். வாங்கினால் காஷ்மீர்ச் செம்புச் சமாவாராகப் பார்த்து, உள்ளே ஈயம் (வெள்ளீயம், அதாவது டின்) பூசியது சீராக இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். செம்பு தெரியும் இடம் இருந்தால் மறுபடி ஈயம் பூசக் கொடுத்த பிறகே பயன்படுத்தவும்.

நடுக்குழாயில் தணல் போடுமுன் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். காலிச் சமாவாரில் தணல் விழுந்தால் சில நிமிடங்களில் பூச்சு உருண்டு உருண்டு அடியில் திரளும். குடித்து முடித்ததும் முதலில் தணலை வெளியே கொட்டிவிட்டு, அப்புறம்தான் மிச்சத் தேநீரை வடிக்க வேண்டும்.